மாமன் கண், மருமகன் கண்

இரண்டு மாதத்துக்கு முன்னால், சிகாமட்டிலிருந்து லாபிசுக்கு வந்துகொண்டிருந்த பகல் ரெயில் வழியில் காரணமே இல்லாமல் நின்றுவிட்டது. நான் அதில் இருந்தேன்.

இந்தப் பாதையில் ரெயில் நிற்பது ஒரு அதிசயமா என்று கேட்பீர்கள். அதிசயமில்லைதான். மழைக்காலத்தில் மண் சரிந்து நிற்கும். ஒரு தடவை யானை வந்து நின்றது. ரெயிலும் மரியாதையாக நின்றது. ஆனால் அன்று யானையும் இல்லை, மழையும் இல்லை. பளிச்சென்று வெயில். எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் ஒரு கேட் உண்டு. அது ஒழுங்காக மூடியிருந்தது. பக்கத்தில் கேட்மேன் சோலைமுத்து, காக்கிச் சட்டைக்கு ஒரு பித்தான் விடாமல் மாட்டிக்கொண்டு, விறைப்பாக நின்று... சிவப்புக் கொடியை நீட்டிக்கொண்டிருந்தார்.

மலாய்க்கார டிரைவர் இறங்கி வந்தார். "அப்பா மச்சம்?" என்ன சங்கதி என்று கேட்டார்.

சோலைமுத்து நின்றுபோன ரெயிலைப் பார்த்தார். கையிலிருந்த கொடியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "லெம்பு, துவான்... லெம்பு!" மாடு வந்ததாம்.

"மானா லெம்பு?" எங்கே மாடு?

"சுடா லாரி." ஓடிவிட்டதாம்.

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரப்பர் மரம். "அலமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஏறிப் போனார். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் — என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடிவேலு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்ட கேள்வி மட்டும் காதில் விழாமல் இருந்திருந்தால்.

"மாமா பச்சைக் கொடிதானே காட்டுறாரு? பொறவு ஏன் நிப்பாட்டிட்டான்?"

வடிவேலு யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். இருபத்திரண்டு வயது. அப்பன் காலமாகிவிட்டான், அம்மா மருதாயி மட்டும். கொடி காட்டிய சோலைமுத்து, மருதாயியின் கூடப்பிறந்த அண்ணன். அவருக்கு ஒரே மகள், பாக்கியம். வடிவேலுக்கு முறைப்பெண். அவனுக்கும் அவள் மேல்தான் மனசு, அவளுக்கும் இவன் மேல்தான். இதில் சிக்கல் எங்கிருந்து வரும்?

மாமனிடமிருந்து வந்தது. முதல் வருஷம், "தை வரட்டும்" என்றார். தை வந்தது. "புள்ளைக்கு இன்னும் ஒரு வயசு ஆகட்டும்" என்றார். அதுவும் ஆயிற்று. மூன்றாவது வருஷம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்: "ரெயில்வே வேலையில இருக்கவனுக்குத்தான் எம்பொண்ணு. பால் வெட்டுறவனுக்கு இல்ல."

மருதாயி மூன்று நாள் அண்ணனைத் திட்டித் தீர்த்தாள். நாலாவது நாள் மகனை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவன்; மனு எழுதுவதும் என் தலையெழுத்து. ஸ்டேஷனில் போர்ட்டர் வேலை காலி இருந்தது. எழுதினேன். கூப்பிட்டார்கள். டாக்டரிடம் கண்ணைக் காட்டிச் சீட்டு வாங்கி வரவேண்டும் என்றார்கள். இங்கிலீஷ் பேசத் துணை வேண்டுமென்று என்னையும் சிகாமட்டுக்கு அழைத்துப்போனான்.

டாக்டர் தமிழ் நன்றாகப் பேசும் மலையாளி. சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை வடிவேலு கடைசி வரி வரைக்கும் படித்தான். எனக்கு மூன்றாம் வரியோடு சரி. அப்புறம் டாக்டர் ஒரு பெட்டியைத் திறந்து மேஜையில் கொட்டினார். கம்பளி நூல் கண்டுகள், பல நிறத்தில். இளம்பச்சைக் கண்டு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்து, "இந்த நிறத்துல இருக்கறதையெல்லாம் எடுத்து இதுகூட வை" என்றார்.

இதென்ன பெரிய வித்தை என்கிற மாதிரி வடிவேலு அடுக்கினான். ஒரு பச்சை வைத்தான். அதன் பக்கத்தில் ஒரு சாம்பல். அடுத்து ஒரு காவி. அதற்கும் அடுத்து, இளஞ்சிவப்பு. அடுக்கி முடித்துவிட்டுப் பெருமையாக என்னைப் பார்த்தான். இவ்வளவு தைரியமாகத் தப்புப் பண்ணுகிறவனை நான் அதுவரை பார்த்ததில்லை.

டாக்டர் சிவப்புக் கண்டைக் கொடுத்தார். அதனோடு பழுப்பும் கரும்பச்சையும் போய்ச் சேர்ந்தன. அவ்வளவுதான். அவனை வெளியே உட்காரச் சொன்னார்.

"வியாதி இல்லை. மருந்தும் இல்லை. பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரியாது. ரெயில்வேக்கு எப்படி அனுப்பறது?" என்றார்.

"இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமலா இருந்தது?"

"அவனுக்கே தெரியாதே! நாம பச்சைன்னு சொல்றதை அவனும் பச்சைன்னு சொல்லக் கத்துக்கிட்டான். இலைன்னா பச்சை. ரத்தம்னா சிவப்பு. பொருளைப் பார்த்து நிறத்தைச் சொல்றான்."

அப்போதுதான் எனக்கு ரம்புத்தான் ஞாபகம் வந்தது. பழ சீசனில் எல்லாரும் மரத்தில் ஏறி, இலைக்கு நடுவே சிவப்பாகத் தொங்குவதை ஒடித்துப் போடுவார்கள். வடிவேலு ஏறினால் காயும் பழமுமாகக் கலந்து விழும். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் அவனுக்குக் 'காய்பறிச்சான்' என்றே பெயர். அவசரக்குடுக்கை என்று நான்கூடத் திட்டியிருக்கிறேன்.

"அவன் அம்மாவோட அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இது அம்மா வழியா வர்ற சமாச்சாரம். அம்மாவுக்கு நிறமெல்லாம் நல்லாத் தெரியும். ஆனா உள்ளுக்குள்ள வச்சிருப்பா. அவ பெத்த ஆண்பிள்ளைகள்ல பாதிப் பேருக்குப் போகலாம். அந்த ஆண்பிள்ளை தன் மகனுக்குக் கொடுக்கமாட்டான். மகள் அத்தனை பேருக்கும் கொடுத்துடுவான். அவங்களுக்கும் தெரியாது, அவங்க மகன் கண்ணுல போய்த் தெரியும்."

கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரர் வேலை நம் பெண்களுக்கு. சரி, அப்படியானால் மாமனிடமிருந்து மருமகனுக்கு வருகிற சீர் இது என்றேன்.

"மாமன் கொடுக்கலை. மாமனுக்கும் அவர் தங்கச்சிக்கும் கொடுத்தது அவங்களைப் பெத்தவ. தங்கச்சி அதை மகனுக்குத் தள்ளிவிட்டா" என்று திருத்தினார். அப்புறம் கேட்டார்: "இவனுக்குப் பொண்ணு பார்த்தாச்சா?"

"மாமன் மகள்தான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அந்த மாமனுக்கும் இதே கண்ணா இருந்தா, இவங்களுக்குப் பிறக்கிற பெண்குழந்தைகள்லயும் பாதிப் பேருக்கு வரலாம். சாதாரணமா பெண்களுக்கு இது அபூர்வம். நம்ம ஆளுங்க முறை பார்த்துக் கட்டுறதால வழி திறந்துவிடறோம்."

இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பகல் ரெயிலில் ஏறினேன். மாமன் கண்ணைப் பற்றி யாரிடம் விசாரிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று... மாமன் சிவப்பைப் பச்சை என்று காட்டினார், மருமகன் அதைப் பச்சை என்றே பார்த்தான்.

மருதாயிக்கு விஷயத்தைச் சொன்னபோது ஒரே போடாகப் போட்டாள். "எங்க வீட்டுல யாருக்கும் கண்ணுல ஒரு கொறையும் கெடையாதுங்க. இது செத்துப்போன அந்த மனுசன் வீட்டுக் கோளாறு!" பாவம், அந்த மனுஷன். பதில் சொல்ல ஆள் இல்லாதவர்கள் மேல்தான் நாம் எல்லாப் பழியையும் போடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குப் போனேன். நேரடியாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டையொட்டிய குடிசைக்குப் பின்னால் ரம்புத்தான் மரம் காய்த்துத் தொங்கியது. "பழுத்ததா ஒரு கொத்துப் பறிச்சுக் குடுங்களேன், சோலை" என்றேன்.

அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. "பாக்கியம்! ஐயாவுக்குப் பழமாப் பாத்து ஒடிச்சுக் குடும்மா" என்று குரல் கொடுத்தார்.

"கை எட்டுற தூரந்தானே? நீங்க பறிக்கக்கூடாதா?"

தலையிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "டாக்டரு சொன்னாரா... நீங்களாக் கண்டுபுடிச்சீங்களா, கிராணியாரே?"

மறைக்க இனி ஒன்றுமில்லை என்று ஆனதும் மனிதர் கடகடவென்று பேசினார். ஊரில் அவருடைய தாய்மாமன் ஒருவருக்கு மிளகாய்ப் பழம் பொறுக்கத் தெரியாதாம். பச்சையும் பழமுமாகப் பறித்துவந்து அடி வாங்குவாராம். அவர் மடியில்தான் சோலைமுத்துவுக்குக் காது குத்தினார்கள். "அவரு காது குத்துனாரு. கண்ணு எங்காத்தா வவுத்துலேயே வந்துருச்சு. மருதாயி மவன் மரத்துல ஏறிக் காய் பறிச்ச அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இவனும் நம்ம ஆளுதான்னு."

டாக்டர் கம்பளி நூலை வைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை இவர் ஒரு மிளகாய்ச் செடியையும் ஒரு ரம்புத்தான் மரத்தையும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறார். மூன்று தலைமுறை. ஒரு பிசகில்லை.

"அப்படின்னா, ரெயில்வே வேலை கெடைக்காதுன்னு தெரிஞ்சுதான் அவனை அனுப்புனீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். நான் விடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

சொன்னார். தண்டவாளம் பழுதுபார்க்கும் லைன் கூலியாகச் சேர்ந்தவர் அவர். பழைய கேட்மேன் ஊருக்குப் போனபோது இவரை அங்கே நிறுத்தினார்கள்; கண்ணை யாரும் கேட்கவில்லை. கொடியில் ஒன்றும் கஷ்டமில்லை. பச்சைக் கொடியின் மூலையில் அவருடைய சம்சாரம் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தாள். கை தடவினால் தெரிந்துவிடும். பகலில் சிக்னலின் கை இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கஷ்டம், பொழுது சாய்கிற நேரத்து ரெயிலில்தான். தூரத்தில் சிக்னல் விளக்கு சிவப்பா, பச்சையா? அதைப் பார்த்துத்தான் கேட்டை மூட வேண்டும். விளக்கில் எங்கே முடிச்சுப் போடுவது? சம்சாரம் இருந்தவரை அவள் பார்த்துச் சொன்னாள். அவள் போன மூன்று வருஷமாகப் பாக்கியம் பார்த்துச் சொல்கிறாள்.

"அவளக் கட்டிக்குடுத்துட்டா, விளக்க யாரு பாப்பா?" என்றார் சோலைமுத்து. "பதினஞ்சு வருசம், கிராணியாரே. ஒரு ஆட்டுக்குட்டிகூட எங்கேட்டுல சாவல."

மகளுடைய வாழ்க்கையை விளக்குக்கம்பத்தில் கட்டிப்போட்டிருக்கிறீரே என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை.

ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை அந்த ரெயிலில் போகிறவன் நான். இதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். "பத்து நாள் தர்றேன். நீங்களாப் போய் இன்ஸ்பெக்டர்கிட்ட வேற வேலை கேளுங்க. கேக்கலைன்னா நான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

பாக்கியம் பழக்கொத்தை எடுத்துக்கொண்டு சாலை வரைக்கும் கூட வந்தாள். ஒல்லியான பெண். அதிகம் பேசமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"எழுதிருங்க ஐயா. பத்து நாளெல்லாம் வேணாம்" என்றாள்.

"உங்க அப்பாவுக்கு வேலை போயிருமேம்மா?"

"போவட்டும். அன்னிக்கு ரெயிலு நின்னுச்சே... முடிச்ச மாத்திப் போட்டது நாந்தான்."

நான் நின்றுவிட்டேன்.

"பச்சையில இருந்த முடிச்ச அவுத்துட்டுச் செவப்புல போட்டேன். நீங்களும் அவுகளும் அந்த வண்டியிலதான் வர்றீங்கன்னு தெரியும். யாராச்சும் பாக்கணும்ல? என் வாயால அப்பாவக் காட்டிக்குடுக்க முடியல." கேட் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள்: "கேட்ட நல்லா மூடிட்டுத்தான் செஞ்சேன். செவப்பக் காட்டுனா வண்டி நிக்கும், அம்புட்டுதானே? வண்டி போனதும் பழையபடி மாத்திப் போட்டுட்டேன்."

மலாய்க்கார டிரைவர், சிகாமட் டாக்டர், ஒரு பெட்டிக் கம்பளி நூல், போதாததற்கு நான் — இத்தனை பேர் சேர்ந்து புரிந்துகொண்டதை இந்தப் பெண் ஒரு முடிச்சில் சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் அன்று கொஞ்சம் குறைந்தது. நல்லதுதான்.

டாக்டர் சொன்னதையும் அவளிடம் மறைக்கவில்லை. இரண்டு பேரும் கட்டிக்கொண்டால் பெண்குழந்தைக்கும் இந்தக் கண் வரலாம் என்றேன்.

"வந்தா சாவாதுல்ல?"

"சாகாது."

"சோறு திங்கும், நடக்கும், சிரிக்கும்ல?"

"எல்லாம் செய்யும்."

"அப்பன்னா வரட்டும்யா" என்று பழக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

சோலைமுத்து ஆறாவது நாள் என் வீட்டுக்கு வந்தார். மனு எழுதச் சொன்னார். 'கண் முன்போல இல்லை' என்று எழுதினேன். முன்போலத்தான் இருந்தது, அதுதான் சங்கடம். ஆனால் உத்தியோக மனுவில் அவ்வளவு உண்மை போதும். இன்ஸ்பெக்டர் நல்லவர். லைன் கேங்கில் சேர்த்துக்கொண்டார். கல் போடுவதற்கும் புல் வெட்டுவதற்கும் நிறம் தெரிய வேண்டியதில்லை. புதுக் கேட்மேன் வந்தான். சோலைமுத்து காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து ஒப்படைத்துவிட்டு வந்தார். எனக்கு மனசு சரியில்லாமல்தான் இருந்தது.

மறுநாள் தங்கச்சி வீட்டுக்குப் போனார். விஷயத்தையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்கண்ணன் கண்ணுதான்டி உன் மவன் கண்ணு. பொண்ணு வேணுமா வேணாமா?" என்று கேட்டார். "நான் பாலத்தானே குடுத்தேன்... இத எப்பக் குடுத்தேன்?" என்றாளாம் மருதாயி. அப்புறம், செத்துப்போன புருஷனைப் பற்றி மூன்று வாரமாகச் சொன்ன அத்தனையும் ஞாபகம் வந்து, படத்துக்கு விளக்கேற்றினாளாம்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதானே வழக்கம்? மருதாயிக்கு அப்போது காய்ச்சல். வடிவேலு கிளம்பினான். கடைகண்ணி பழக்கமானவர் என்று மாமனும் கூடப் போனார். இரண்டு பேரும் சந்தோஷமாக ரெயில் ஏறினார்கள். நானே ஸ்டேஷனில் நின்று வழியனுப்பினேன். உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை! சிவப்பு, பச்சை, மாமன், மருமகன் என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்த எனக்கு ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை. லயத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நல்ல பட்டு. நல்ல சரிகை. நிறம், குளத்துப் பாசி.

"அரக்குச் செவப்புல இதான் ஒசத்தி" என்றார் சோலைமுத்து. வடிவேலு ஆமாம் என்றான். இவர்கள் இருவரும் சேர்ந்து கைகாட்டியதைக் கடைக்காரர் மடித்துக் கொடுத்திருக்கிறார். வாங்குகிறவர்கள் சிவப்பு என்றால் அவருக்கென்ன? மருதாயி காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து, "ஐயையோ!" என்று ஆரம்பித்தாள். பாக்கியம் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். "செவப்பு நல்லா எடுப்பா இருக்கு, அத்தை" என்றாள்.

போன வாரம் கல்யாணம். மாரியம்மன் கோயிலில் பந்தல். பெண்கள் முகவாயில் கை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் சுற்றிலும் பார்த்தேன். அத்தனை கூட்டத்தில் மணப்பெண்ணைச் சிவப்புப் பட்டில் கண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் கண் கலங்கக் கையைப் பிடித்துக் கொடுத்தார். இன்னொருவன் சிரித்துக்கொண்டே தாலி கட்டினான்.